டில்லரில் நீராவி ஊசி பொருத்தலாமா? வெண்டையில் வேர்முடிச்சு, கூடவே கோரை

லிம்சூகாங்_ஞாயிறு | ஞாயிறு, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூர் லிம் சூ காங்கில் நண்பர் ஒருவர் தம் பண்ணை ஓரமாக ஆறு பாத்திகளை எனக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார். ஒவ்வொன்றும் ஆறு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான் போக முடிகிறது.

போன வருஷம் ஒரு கடையில் "சுத்திகரித்த மேல்மண்" என்று மூட்டை மூட்டையாக வாங்கிக் கொட்டினேன். அதோடு சனியனையும் வாங்கிவந்தேன் என்பது இப்போதுதான் புரிகிறது. வெண்டைச் செடி மதியம் தொங்கிப்போகும், சாயங்காலம் நிமிரும். தண்ணீர்க் குறை என்று நினைத்து ஊற்றிக்கொண்டே இருந்தேன். நேற்று ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்க முடிச்சு, இஞ்சித் துண்டுகளைக் கோத்துவிட்ட மாதிரி. வேர்முடிச்சு நூற்புழுதான். போதாததற்கு மூன்று பாத்தியில் கோரை.

நண்பரிடம் கையால் தள்ளிக்கொண்டு போகும், மண் கிளறும் பெட்ரோல் டில்லர் ஒன்று இருக்கிறது. என் யோசனை இதுதான்: பின்னால் உள்ள கத்திகளைக் கழற்றிவிட்டு நான்கு வெற்றுக் குழாய்ப் பற்களைப் பொருத்துவது, நுனியில் துளை போடுவது, ஒரு கொதிகலனிலிருந்து ரப்பர் குழாய் வழியாக நீராவி கொடுப்பது. டில்லர் நகர நகர மண்ணுக்குள் ஆவி போகும், புழுவும் கோரையும் ஒரே நேரத்தில் செத்துப்போகும். இதுமாதிரி செய்து பார்த்தவர் யாராவது உண்டா?

துவாஸ்_பற்றவைப்பு | ஞாயிறு, இரவு 10.15

அண்ணே, செய்யலாம். பட்டறையில் மிச்சக் குழாய் கிடக்கிறது. இரண்டு விஷயம். கால்வனைஸ் குழாய் வாங்கிவிடாதீர்கள், பற்றவைக்கும்போது துத்தநாகப் புகை வரும், ராத்திரி காய்ச்சலடிக்கும். கறுப்பு இரும்புக் குழாயோ துருப்பிடிக்காத எஃகோ போதும். துளையை நுனியில் போடாதீர்கள், முதல் மீட்டரிலேயே மண் அடைத்துவிடும். நுனியைக் கூராக அடைத்துவிட்டு, பின்பக்கமாக 3 மிமீ துளை இரண்டு போடுவோம். பல் முன்னால் மண்ணைக் கிழித்துக்கொண்டு போகும்போது துளைக்குப் பின்னால் காலி இடம் கிடைக்கும்.

கொதிகலனுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?

லிம்சூகாங்_ஞாயிறு | ஞாயிறு, இரவு 10.22

ரொம்ப நன்றி தம்பி. கொதிகலன் இன்னும் இல்லை. 25 லிட்டர் குழம்புப் பானை ஒன்று, கேஸ் அடுப்பு ஒன்று இருக்கிறது. கல்யாணச் சமையல் அடுப்பு மாதிரி, பெரிய தீ.

கலோரிக்_கணக்கு | திங்கள், காலை 7.05

எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன், பென்சில் முனை உடைந்தது.

ஒரு சதுர மீட்டர், 20 செமீ ஆழம். அதில் சுமார் 240 கிலோ மண், ஈரப்பதம் 20 சதவீதம் என்றால் இன்னும் 48 கிலோ தண்ணீர். மண்ணைவிடத் தண்ணீர் ஐந்து மடங்கு வெப்பம் கேட்கும், அதனால் அந்த 48 கிலோ தண்ணீருக்கும் 240 கிலோ மண்ணுக்கும் செலவு கிட்டத்தட்ட சமம். இங்கே மண் 28 டிகிரியில் இருக்கும் என்று வைத்துக்கொண்டு 75க்கு ஏற்ற 19 மெகாஜூல் வேண்டும். ஐரோப்பாக்காரர்கள் 10 டிகிரியிலிருந்து தொடங்க வேண்டும், அந்த வகையில் நமக்கு லாபம். ஒரு கிலோ நீராவி குளிர்ந்து தண்ணீராகும்போது ஏறக்குறைய 2.3 மெகாஜூல் கொடுக்கும். ஆக 8 கிலோ நீராவி. திறந்த பாத்தியில் பாதி மேலே பறந்துவிடும், 16 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அடுப்பு மணிக்கு 5 லிட்டர் தண்ணீரை ஆவியாக்கும் என்று தாராளமாகவே கணக்கு வைக்கிறேன். அப்படியானால் ஒரு சதுர மீட்டருக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல். ஆறு மீட்டர் பாத்தியில் டில்லரைத் தள்ளிக்கொண்டு போக இருபது மணி நேரம். அரோவானா மீனை நடக்கப் பழக்கிவிடலாம் அதற்குள். வயலில் நகர்ந்தபடியே ஆவி போடும் இயந்திரங்கள் மணிக்கு நூற்றுக்கணக்கான கிலோ நீராவி விடும் கொதிகலன்களைச் சுமந்து போகின்றன.

இன்னொன்று. ஆவிக்கு ஊசி சரியாக அமைந்தாலும் டில்லர் நின்றால்தான் வேலை நடக்கும். நின்றால் அது டில்லர் இல்லை, வெறும் குழாய் தாங்கி.

துவாஸ்_பற்றவைப்பு | திங்கள், காலை 7.30

கணக்கு அண்ணன் சொல்வது நியாயம்தான். நான் வெட்ட ஆரம்பிக்கவில்லை, நல்லவேளை.

வெண்டைக்காய்_அக்கா | திங்கள், மதியம் 1.10

முதல் கேள்வி: அந்த டில்லரைக் கோரைப் பாத்தியில் ஓட்டினீர்களா?

லிம்சூகாங்_ஞாயிறு | திங்கள், மாலை 6.50

ஓட்டினேன். மூன்று தடவை. ஏன் அக்கா?

வெண்டைக்காய்_அக்கா | திங்கள், இரவு 8.30

அதனால்தான் மூன்று பாத்தியில் கோரை. முதலில் ஒரு பாத்தியில்தானே இருந்திருக்கும்?

கோரைக்குக் கீழே கிழங்குகள் சங்கிலியாகத் தொங்கும். அந்தச் சங்கிலி இருக்கும்வரை மேல் கிழங்கு முளைக்கும், கீழே உள்ளவை தூங்கும். டில்லர் கத்தி சங்கிலியை வெட்டிவிட்டால் ஒவ்வொன்றும் தனிக் குடித்தனம். அப்புறம் கத்தியில் ஒட்டிய மண்ணோடு அடுத்த பாத்திக்கும் போகும். நூற்புழுவும் அப்படித்தான். அது தானாக வருஷத்துக்கு ஒரு மீட்டர் நகர்ந்தாலே பெரிசு. நம் செருப்பு, சங்குல் (மண்வெட்டி), டில்லர் எல்லாம் அதற்கு டாக்சி.

என் தோட்டம் தெம்பனிஸில், வாடகைப் பெட்டித் தோட்டம். இரண்டரை மீட்டருக்கு ஒரு மீட்டர். பக்கத்துப் பெட்டிக்காரர் என் கைக்கரண்டியைக் கேட்டு வாங்கிப் போவார், தண்ணீரில் அலசித் தருவார், நானும் ஒரு தடவை வாளியில் முக்கி எடுத்துத்தான் மறுபடி தொடுவேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார். இரண்டு வருஷமாக என் வேரில் முடிச்சு இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பயற்றங்காய் வேரில் முடிச்சு பார்த்துப் பயப்படாதீர்கள். விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிட்டால் அது நல்ல பாக்டீரியா முடிச்சு, உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். தேய்த்தும் போகாமல் வேரே வீங்கியிருந்தால்தான் நூற்புழு.

புதுசு_உட்லண்ட்ஸ் | செவ்வாய், காலை 11.00

மன்னிக்கணும், தெரியாமல் கேட்கிறேன். இத்தனை கஷ்டம் எதற்கு? மண்ணில் ஊற்ற ஒரு மருந்து இருக்காதா?

பழைய_கம்பத்தான் | செவ்வாய், மாலை 4.45

தம்பி, இருந்தது. மீத்தைல் புரோமைடு என்று ஒரு வாயு. டிராக்டருக்குப் பின்னால் கத்தி கட்டி, கத்தியின் முதுகில் குழாய் வைத்து, மண்ணுக்குள் செலுத்தி, பின்னாலேயே பிளாஸ்டிக் விரித்துக்கொண்டு போவார்கள். நம்ம நண்பர் கனவு காண்கிற இயந்திரம் அதுதான், உள்ளே போகிற சரக்கு மட்டும் வேறு. புழு, களை விதை, பூஞ்சை எல்லாம் ஒரே அடியில் காலி. ஆனால் அது ஓசோனைத் தின்றது. 1992இல் மாண்ட்ரியல் ஒப்பந்தத்தில் சேர்த்தார்கள், வளர்ந்த நாடுகளுக்கு 2005, மற்ற நாடுகளுக்கு 2015 என்று விவசாயத்தில் நிறுத்தக் கெடு வந்தது. கப்பலில் போகும் மரத்துக்கும் தானியத்துக்கும் பூச்சி அடிக்க மட்டும் இன்னும் விடுகிறார்கள். அதற்கு முன்னால் டிபிசிபி என்று ஒன்று, நூற்புழுவுக்கென்றே செய்தது. அதைத் தயாரித்த தொழிற்சாலை ஆட்களுக்குப் பிள்ளை பிறக்காமல் போனது 1977இல் தெரியவந்தது. அதிலிருந்து அதன் கதை முடியத் தொடங்கியது.

நான் சின்னப் பையனாக இருந்தபோது நீ சூன் என்ற ஊர்ப் பக்கம் கம்பத்தில், அதாவது கிராமத்தில், பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் காய்கறி போடுவார். நாற்றங்கால் மண்ணை ஒரு தகரத்தில் அள்ளி, அடியில் லல்லாங் புல்லையும் உமியையும் போட்டு எரிப்பார். மண்ணில் உருளைக்கிழங்கு ஒன்று புதைத்து வைப்பார். கிழங்கு வெந்தால் மண்ணும் வெந்தது என்று அர்த்தம். கிழங்கு எங்களுக்கு.

கலோரிக்_கணக்கு | செவ்வாய், இரவு 9.20

கிழங்குத் தெர்மாமீட்டர்! கிழவர் பிள்ளைகளுக்காகச் சொன்ன பொய்யில்லை அது. கிழங்கு மாவு வேகவே 65, 70 டிகிரி வேண்டும், கிழங்கு முழுசாக மெத்தென்று ஆக அதற்கும் மேல். நூற்புழு 50ஐத் தாண்டி அரை மணி நேரம் இருந்தால் தாங்காது. பெரும்பாலான களை விதைக்கு 70க்கு மேல் வேண்டும். ஆக கிழங்கு வெந்தால் இரண்டுமே போயிருக்கும்.

லிம்சூகாங் அண்ணே, கம்பத்தார் சொல்வதில் இன்னொரு விடையும் இருக்கிறது. இயந்திரத்தை மண்ணுக்குக் கொண்டுபோகாதீர்கள். மண்ணை இயந்திரத்துக்குக் கொண்டுவாருங்கள். நாலு பக்கமும் அடைத்த பெட்டியில் ஆவி வீணாவது வெகு குறைவு.

துவாஸ்_பற்றவைப்பு | செவ்வாய், இரவு 9.45

இட்லிக் கொப்பரை! 200 லிட்டர் பீப்பாயின் மேல்பக்கத்தை வெட்டி எடுத்துவிடலாம். ரசாயனம் இருந்த பீப்பாய் வேண்டாம், சமையல் எண்ணெய் வந்தது என்றால் எடுத்து வைக்கிறேன். அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் துளைத்த தகடு, இட்லித் தட்டு மாதிரி. தகட்டுக்குக் கீழே ஆவி நுழையும். மேலே மூடியை இறுக்கவே கூடாது, பழைய சாக்கு நான்கு மடிப்புப் போட்டால் போதும்.

பானை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மூடியை நட்டு போட்டு முறுக்கி, அழுத்தம் ஏற்றினால் அது குண்டு. அழுத்தக் கொதிகலன் என்றால் மனிதவள அமைச்சில் பதிய வேண்டும், சோதனைக்கும் விட வேண்டும், நமக்கு எதற்கு அந்த வம்பு. நான் பானைக்குள் ஒரு மீட்டர் உயரக் குழாய் ஒன்றை நட்டுவைக்கிறேன், கீழ் முனை தண்ணீருக்குள், மேல் முனை வானம் பார்த்து. ஆவிக் குழாய் எங்காவது அடைத்தால் தண்ணீர் இந்தக் குழாய் வழியாக மேலே துப்பும். துப்பினால் அடுப்பை நிறுத்துங்கள். ஆள் இருக்கிற பக்கம் முனையைத் திருப்பாதீர்கள்.

லிம்சூகாங்_ஞாயிறு | ஞாயிறு, இரவு 8.55 (மூன்று வாரம் கழித்து)

செய்தி சொல்ல வந்தேன். நல்லதும் கெட்டதும்.

பீப்பாய் அருமையாக அமைந்தது. ஒரு தடவைக்கு 100 லிட்டர் மண். ஒன்றே கால் மணி நேரத்தில் சாக்குக்கு மேலே ஆவி வந்தது. ஒரு வாரம் முன்னால் மண்ணை நனைத்து வைத்தேன். விதை ஊறி இருந்தால் சீக்கிரம் சாகும், காய்ந்த விதை பிடிவாதம் பிடிக்கும் என்று படித்திருந்தேன். ஆனால் பீப்பாயில் போடும் அன்று சொதசொதவென்று இருக்கக் கூடாது, கைக்குள் பிடித்தால் உருண்டையாகி, தட்டினால் உடைய வேண்டும். ஒரு தடவை ஈரமாகப் போட்டேன், இரண்டு மணி நேரம் ஆயிற்று. கணக்கு அண்ணன் சொன்ன அந்த 48 கிலோ தண்ணீர் நினைவுக்கு வந்தது.

டில்லர் வீணாகவில்லை. கட்டிகளை உடைக்க மட்டும் ஓட்டுகிறேன், அதுவும் ஒரு பாத்தி முடிந்ததும் கத்தியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டுத்தான் அடுத்தது. முட்டை அளவுக் கட்டியின் நடுவில் ஆவி போய்ச்சேர நேரம் பிடிக்கிறது.

கெட்ட செய்தி: அந்த மண்ணில் நான்காம் நாளே சாய் சிம் கீரை நாற்று நட்டேன். இலை ஓரம் கருகி, நடுவில் மஞ்சள். எட்டு நாளில் பாதி போய்விட்டது. களை ஒன்றுகூட முளைக்கவில்லை, ஆனால் கீரையும் வளரவில்லை. வேண்டாத பிள்ளை மாதிரி நிற்கிறது.

வெண்டைக்காய்_அக்கா | ஞாயிறு, இரவு 9.30

எத்தனை டிகிரி போனது?

லிம்சூகாங்_ஞாயிறு | ஞாயிறு, இரவு 9.34

நடுவில் 98. மேலே 96. நல்லா வேகட்டும் என்று கூடுதலாக அரை மணி விட்டேன்.

வெண்டைக்காய்_அக்கா | ஞாயிறு, இரவு 10.05

வேக வைத்துவிட்டீர்கள், அதான்.

மண்ணில் அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா இருக்கிறது. 80, 90 என்று ஏற்றினால் அது செத்துவிடும். மற்ற பாக்டீரியா சில வித்தாக இருந்து பிழைத்து, செத்ததையெல்லாம் தின்று அமோனியா விடும். அதை மாற்ற ஆளில்லை, வேரில் சேர்ந்து எரிக்கும். மாங்கனீசும் கரைந்து வெளியே வரும், அதுவும் அதிகமானால் நஞ்சு. அதற்குமேல் மண் வெறுமையாகிவிட்டதால் அடுத்து வருகிற பூஞ்சைக்குப் போட்டியே இல்லை.

இப்போதைக்கு நாற்றைப் பிடுங்குங்கள். தண்ணீர் நிறைய ஊற்றிக் கழுவுங்கள், நன்றாக மட்கிய உரம் கொஞ்சம் கலந்து மூன்று வாரம் சும்மா விடுங்கள். அப்புறம் நடலாம்.

கலோரிக்_கணக்கு | திங்கள், காலை 6.58

இது அண்ணனின் தவறு இல்லை, ஆவியின் குணம். சுத்த நீராவி மண்ணில் நுழைந்தால் முன்னேறும் விளிம்புக்குப் பின்னால் எல்லாம் 100க்குப் பக்கத்தில், விளிம்புக்கு முன்னால் எல்லாம் 28. நடுவில் 70 என்பதே கிடையாது. அடுப்பைக் குறைத்தாலும் மெதுவாக 100 ஆகுமே தவிர 70 ஆகாது.

கலிபோர்னியாவில் கென்னத் பேக்கர் என்ற தாவர நோயியல் பேராசிரியர் இதற்கு வழி சொன்னார்: ஆவியோடு காற்றைக் கலந்து விடுவது. அந்தக் கலவையே 60, 70 டிகிரியில்தான் இருக்கும், அதற்கு மேல் மண் போக முடியாது. நல்ல நுண்ணுயிர் கணிசமாகப் பிழைக்கும், புழு பிழைக்காது.

70 டிகிரிக்கு ஒரு கிலோ ஆவியோடு ஏறக்குறைய மூன்றரைக் கிலோ காற்று, அதாவது மூன்று கன மீட்டர். உங்கள் பானைக்கு மணிக்கு 15 கன மீட்டர். சின்ன ஊதுகருவி போதும்.

லிம்சூகாங்_ஞாயிறு | ஞாயிறு, இரவு 9.15

பண்ணையில் இலை ஊதும் கருவி இருந்தது. ஆவிக் குழாயின் நடுவில் ஒரு டீ-மூட்டு (T வடிவ இணைப்பு) வைத்து அதில் பொருத்தினேன்.

பீப்பாய்க்குள் இருந்த மண்ணில் மூன்றில் ஒரு பங்கு என் சட்டையில். வெப்பமானி 39 காட்டியது. நண்பர் அடுத்த வாரமும் என்னைக் கூப்பிடுவாரா தெரியவில்லை.

கலோரிக்_கணக்கு | ஞாயிறு, இரவு 9.31

"சின்ன" என்று எழுதியிருந்தேன். அது மணிக்கு அறுநூறு, எழுநூறு கன மீட்டர் ஊதும்.

முகாமுக்கு எடுத்துப்போகும் காற்று மெத்தைக்கு ஊதுகிற மின்பம்பு பாருங்கள். மணிக்கு 20, 25 கன மீட்டர். ஒரு வால்வு வைத்துக் குறைத்துக்கொள்ளலாம்.

துவாஸ்_பற்றவைப்பு | ஞாயிறு, இரவு 11.40

இப்போதுதான் ஷிப்ட் முடிந்தது. அண்ணே, பம்பை டீ-மூட்டுக்கு ஒட்டி வைக்காதீர்கள். ஒரு மீட்டர் குழாய் விட்டு, நடுவில் கீழே ஒரு வளைவு கொடுங்கள், ஆவி குளிர்ந்து வரும் தண்ணீர் பம்புக்குள் போகாது. பம்பை முதலில் போடுங்கள், ஆவியை அப்புறம் திறங்கள். நிறுத்தும்போது தலைகீழ்.

லிம்சூகாங்_ஞாயிறு | ஞாயிறு, இரவு 8.20 (அடுத்த வாரம்)

நிறுத்தும்போது நேராகவே நிறுத்தினேன். முதல் பம்பு உருகியது. அடுத்த கடையில் இன்னொன்று வாங்கினேன், இருபது சிங்கப்பூர் வெள்ளிக்குள்.

ஆனால் ஒத்துவந்தது. வால்வைத் திருகித் திருகி 71இல் நிறுத்தினேன். மூன்று இடத்தில் குத்திப் பார்த்தேன்: அடியில் 72, நடுவில் 71, ஓரத்தில் 66. ஓரத்துக்காகப் பீப்பாயைச் சுற்றிப் பழைய போர்வை கட்டினேன், 69 ஆயிற்று. அந்த நிலையில் அரை மணி நேரம். கம்பத்தார் சொன்ன உருளைக்கிழங்கும் ஒன்று வைத்தேன். அரைவேக்காடு. யாரும் சாப்பிடவில்லை.

ஒரு பாத்தி முடிக்க பன்னிரண்டு பீப்பாய். நான்கு ஞாயிறு போகும். ஆறு பாத்திக்கும் இதையே செய்தால் அடுத்த தீபாவளி வந்துவிடும்.

பழைய_கம்பத்தான் | திங்கள், காலை 10.20

எல்லாவற்றுக்கும் ஏன் அடுப்பு? நாற்றுக்கும் வெண்டைக் குழிக்கும் வேண்டிய மண்ணை மட்டும் வேக வையுங்கள். குழிக்கு ஒரு வாளி, அவ்வளவுதான். மிச்சத்துக்குத் தவிடு.

ஜப்பானில் செய்கிற முறை. சதுர மீட்டருக்கு ஒரு கிலோ அரிசித் தவிட்டை மண்ணில் கலந்து, சேறாகும்வரை தண்ணீர் விட்டு, பிளாஸ்டிக் விரிப்பால் காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடிவிடுவது. தவிட்டைத் தின்னும் பாக்டீரியா உள்ளே இருக்கிற ஆக்சிஜனை முடித்துவிடும், புளித்த அமிலங்கள் உண்டாகும், நூற்புழு தாங்காது. வெறும் பிளாஸ்டிக் போட்டு வெயிலில் சுட வைக்கிற முறை இஸ்ரேலில் 1970களில் வந்தது, அங்கே மேகமே இல்லாத கோடை. இங்கே மூன்று மணிக்கு மழை கொட்டும், அதை நம்பாதீர்கள். தவிட்டு முறைக்கு வெயில் வேண்டாம், சூடான மண் போதும், அது நம்மிடம் வருஷம் முழுக்க இருக்கிறது. கோரைக்கு மட்டும் இது முழு மருந்து இல்லை.

நாற்றம் வரும். வீவக அடுக்குமாடிக் கீழ்த்தளத்துப் பக்கம் இருக்கிற சமூகத் தோட்டத்தில் செய்தால் மேல்மாடிக்காரர் நகர மன்றத்துக்குப் போன் போடுவார். லிம் சூ காங்கில் கேட்க ஆளில்லை.

வெண்டைக்காய்_அக்கா | திங்கள், மதியம் 12.50

தவிட்டுப் பாத்தியின் பிளாஸ்டிக்கை எடுத்த பிறகு, நூற்புழுவை அடக்க ஒரு சுற்று துலுக்கச் சாமந்தி நெருக்கமாக நடுங்கள், மூன்று மாதம். பூவை லிட்டில் இந்தியாவில் மாலை கட்டுகிறவர் யாராவது எடுத்துக்கொண்டால் போட்ட செலவும் திரும்பி வரும். ஓரமாக நாலு செடி நட்டால் வேலை செய்யாது, பாத்தி முழுக்க வேண்டும். நடுவில் களை விட்டால் புழு அதில் குடியேறும்.

துவாஸ்_பற்றவைப்பு | புதன், இரவு 10.30

கோரைக்கு நான் ஒன்று யோசித்தேன். டில்லரின் கத்தித் தண்டைக் கழற்றினால் அந்த இடத்தில் சுற்றும் தண்டு கிடைக்கிறதல்லவா? அதில் கம்பிவலை உருளை ஒன்றை மாட்டுவோம், நீளம் ஒரு மீட்டர், விட்டம் 40 செமீ, வலைக் கண் 6 மிமீ, கொஞ்சம் சரிவாக. மேல் வாயில் மண் போட்டால் மண் கீழே விழும், கிழங்கும் கல்லும் மறுமுனையில் வரும். டில்லர் வண்டி நிற்கும் இடத்திலேயே நிற்கும், எங்கேயும் எதையும் பரப்பாது. வேகம் குறைய வேண்டும், நிமிடத்துக்கு 30 சுற்று போதும், ரொம்ப வேகமாகப் போனால் மண் வலையில் ஒட்டிக்கொண்டே சுற்றும். பெரிய கப்பி வைத்துக் குறைக்கிறேன். கப்பிக்கும் பெல்ட்டுக்கும் முன்னால் தகட்டு மூடி போடாமல் தர மாட்டேன், என் விரல் ஒன்று ஏற்கெனவே பாதிதான்.

லிம்சூகாங்_ஞாயிறு | ஞாயிறு, இரவு 9.05 (நான்கு வாரம் கழித்து)

தம்பி கொண்டுவந்து மாட்டிவிட்டார். களிமண் ஈரமாக இருந்தால் வலை அடைத்துக்கொள்கிறது, இரண்டு நாள் மழையில்லாமல் காயவிட்டுச் சலித்தால் பொலபொலவென்று கொட்டுகிறது. ஒரு பாத்தியிலிருந்து முக்கால் வாளி கோரைக்கிழங்கு. ஒவ்வொன்றும் கொண்டைக்கடலையிலிருந்து கொட்டைப்பாக்கு அளவு வரை, உடைத்தால் உள்ளே வெள்ளை, மருந்துக்கடை வாசனை. சின்னது சில தப்பித்திருக்கும். தகரக் கூரை மேல் பரப்பிக் காயவைத்திருக்கிறேன்.

இரண்டு பாத்தியில் தவிடு போட்டு மூடியாயிற்று. ஊறிப்போன காலுறையும் புளித்த கஞ்சியும் சேர்ந்த வாசனை. நண்பரின் நாய் அந்தப் பக்கமே வருவதில்லை.

71 டிகிரி மண்ணில் நட்ட வெண்டை இன்றைக்கு 26ஆம் நாள். ஒன்றைப் பிடுங்கிப் பார்க்கலாமா என்று கை துறுதுறுக்கிறது.

வெண்டைக்காய்_அக்கா | ஞாயிறு, இரவு 9.12

பிடுங்காதீர்கள். ஓரமாகக் கையால் மண்ணைத் தள்ளி வேரைப் பாருங்கள். கையைக் கழுவிவிட்டு.

துவாஸ்_பற்றவைப்பு | ஞாயிறு, இரவு 11.50

சல்லடை பெல்ட் கொஞ்ச நாளில் தளரும் அண்ணே. அடுத்த ஞாயிறு எனக்கு லீவு, ஸ்பேனர் எடுத்துக்கொண்டு வருகிறேன். வெண்டைக்காய் இருந்தால் ஒரு பை.